ஆய்வகத்தில் துடிக்கும் என் இதயம் குறித்து

அன்பும் மதிப்பும் ஒருங்கே உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் மடியில் தாளை வைத்து எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நலம். அதாவது, உங்கள் அக்கா நலம். நீங்களும் வீட்டாரும் குழந்தைகளும் அதேபோல் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அடுத்ததாக என் நலத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதுவது முறை. அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்துதான் இத்தனை தாள் ஆகிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் என் மரணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, சொல்லுங்கள் மச்சான்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் இதயம் இப்போது இரண்டு இடத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று வழக்கமான இடத்தில். இன்னொன்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆய்வகத்தின் மேல்மாடியில், மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்றில். பதறாதீர்கள். யாரும் என்னை அறுக்கவில்லை.

நான் நீரேற்று நிலையத்தில் பம்ப்புகளைக் கவனிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த புதிது. உங்கள் அக்கா நடக்குமிடமெல்லாம் என் கால் குறுக்கே கிடந்தது. எதற்காவது என்னை வெளியே கிளப்பவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள், நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். நாம் சாப்பிடும் கொழுப்பு வகைகள் இதயத்தின் துடிப்பையும் தசையின் வலுவையும் எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்கிறார்களாம், வயதானவர்கள் கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதுமாம். "வாங்க, ரெண்டு பேருமா போய்க் குடுத்துட்டு வருவோம். ஜூஸ் குடுப்பாங்களாம்" என்றாள். போனோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினோம். ஜூஸ் கொடுத்தார்கள். குடித்தோம், வந்தோம், மறந்தோம். நான் எதையும் மறப்பேன் மச்சான், ஆனால் அவர்கள் மறக்கவில்லை. பல மாதம் கழித்து போன் வந்தது. ஒரு பெண் குரல், பரீட்சையில் தேறிய குழந்தையின் குதூகலத்தோடு, "சார், உங்க ரத்தத்திலேருந்து எடுத்த செல்லை இதயத் தசையா வளர்த்துட்டோம். நேத்திலேருந்து துடிக்க ஆரம்பிச்சிருச்சு. பாக்க வரீங்களா?" என்றது. இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. "வரேன்" என்றேன்.

ஆய்வுக்காரப் பெண் நம் வீட்டுப் பெண்களைப் போலத்தான் இருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடும் ரகம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரோடு சுவராக ஒரு அலமாரி, குளிர்சாதனப் பெட்டியைப் போல. கதவைத் திறந்தால் குளிர் வரவில்லை, வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து முகத்தில் பட்டது. யாரோ மிக அருகில் நின்று மூச்சு விட்டதைப் போல இருந்தது. "உள்ள எப்பவும் உடம்புச் சூடுதான் சார்" என்றாள். தட்டை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு ஏடு. பாலேட்டை விட மெல்லியது. அது சுருங்கியது. விரிந்தது. கொஞ்சம் நிதானித்து மறுபடி சுருங்கியது. தூங்குகிறவரின் கண்ணிமை உள்ளே கனவு ஓடும்போது அசையுமே, அந்த மாதிரி. உடம்பில்லை, ரத்தமில்லை, பெயரில்லை. மூடியின்மேல் எழுதியிருந்த எண் மட்டும் என்னுடையதாம்.

"யார் சொல்லி இது துடிக்குது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்ல வேண்டாம் சார். இதயத் தசை தனியா கிடந்தாலும் தானே துடிக்கும்."

"நீங்கல்லாம் வேலை முடிஞ்சு போனப்புறம்?"

"அப்பவும்தான்."

யோசித்துப் பாருங்கள் மச்சான். நான் வீட்டில் செய்தித்தாள் படிக்கும்போதும் முகச்சவரம் செய்யும்போதும் உங்கள் அக்காவிடம் திட்டு வாங்கும்போதும் இங்கே பூட்டிய அறையில், இருட்டு அலமாரிக்குள், நான் இல்லாமலே நான் துடித்துக்கொண்டிருக்கிறேன்! "அம்மாவோடதும் பக்கத்துலயே இருக்கு சார். அது ரொம்ப சாது. என்ன போட்டாலும் ஒரே சீரா போய்க்கிட்டிருக்கு. உங்களோடதுதான் சுவாரசியம்" என்றாள் அந்தப் பெண். ஆராய்ச்சிக்காரர்கள் நம்மைச் சுவாரசியம் என்று சொன்னால் அது பாராட்டு அல்ல என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. பெருமையாகத் தலையாட்டினேன்.

பிறகுதான் கொழுப்புக்கு வந்தாள். எனக்குத் தெரிந்த கொழுப்பெல்லாம் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் ஓட்டக்காரர் சொன்னதுதான். காலையில் தெருவையே எழுப்பிக்கொண்டு ஓடுகிறாரே, அவர்தான். கொழுப்பு என்றாலே எமன் என்பார் அவர். இந்தப் பெண்ணோ, "அப்படி இல்ல சார். இதயம் பெரும்பாலும் எரிக்கிறதே கொழுப்பைத்தான். அதுக்கு அது எரிபொருள்" என்றாள். பம்ப்புக்கு டீசல் மாதிரி என்று எனக்குத் தெளிந்துவிட்டது. "ஆனா எந்தக் கொழுப்பு, எவ்வளவுங்கிறதுதான் கேள்வி. வெண்ணெயிலயும் கொழுத்த இறைச்சியிலயும் இருக்கிறது ஒரு வகை, வெளியில வச்சா கெட்டியா நிக்கும். ஆலிவ் எண்ணெயில இருக்கிறது ஒரு வகை. மீன்ல இருக்கிறது இன்னொண்ணு. தசை செல்லோட மேல்தோலே கொழுப்பாலதான் ஆயிருக்கு. அந்தத் தோல்ல சின்னச் சின்னக் கதவு இருக்கு. அது வழியா உப்பு உள்ள போய் வெளிய வர்றதுதான் துடிப்பு. கொழுப்பு மாறினா கதவு திறந்து மூடற நேரமும் மாறலாம். கெட்டிக் கொழுப்பு அளவுக்கு மிஞ்சி தசைக்குள்ள தேங்கினா இறுக்கிப் பிடிக்கிற வலுவும் குறையலாம். அதைத்தான் பாக்கறோம்."

"என் கதவையும் பாத்தீங்களா?"

"இப்ப பாக்கப்போறோம்" என்றாள்.

ஒரு கருவியைத் தட்டோடு இணைத்தாள். அறையின் மூலையிலிருந்த ஒலிபெருக்கியில் என் இதயம் கேட்டது. டப். டப். டப். முப்பது வருஷத்துக்கு மேல் பம்ப்புகளின் ஓசையைக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில்கூட எந்த மோட்டார் தடுமாறுகிறது என்று சொல்லிவிடுகிற காது இது. நல்ல ஓட்டம்தான் என்று மனதுக்குள் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அவள் கெட்டிக் கொழுப்பு கலந்த திரவத்தைச் சொட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓசை நீண்டது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இழுத்துக்கொண்டே போனது. திடீரென்று படபடவென்று ஒரு கொத்து, அறையில் மாட்டிக்கொண்ட பறவை ஜன்னலில் மோதுவதைப் போல. அப்புறம் சத்தமே இல்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன், அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். அப்போது, என்மேல் சத்தியமாக, என் மார்புக்குள் இருந்ததும் ஒரு அடியை விழுங்கியது. மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் காலை வைத்த மாதிரி இருந்தது. டப் என்று தட்டு மறுபடி ஆரம்பித்தது. உள்ளே இருந்ததும் ஆரம்பித்தது. இரண்டும் சேர்ந்தே ஆரம்பித்தன.

"மத்தவங்க தட்டு எதுவும் இப்படிப் பண்ணல" என்றாள் அவள், மெதுவாக. உடனே சுதாரித்துக்கொண்டு, "தட்டு வேற, மனுஷன் வேற சார். தட்டுல நாங்க குடுக்கிற அளவு வேற. பயப்படாதீங்க. ஆனா ஒரு இதய மருத்துவரைப் பாத்துடுங்க" என்றாள். பயப்படாதீர்கள் என்றும் சொல்லி டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னால் மனிதன் எதைக் கேட்பான்? நான் இரண்டையும் கேட்டேன். பயந்துகொண்டே டாக்டரைப் பார்க்கப் போனேன்.

அந்த மருத்துவர் பெரிய உடம்புக்காரர், பெரிய குரல்காரர். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒயர்களை ஒட்டி, ஈ.சி.ஜி. என்று நீளமாகக் காகிதம் எடுத்து, "குதிரை மாதிரி ஓடுது. இன்னும் இருபது வருஷம் உங்க வீட்டம்மா பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்ய, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெட்டியும் கொடுத்தார். அதிலும் ஒன்றுமில்லை. காகிதம் நன்றாக இருக்கிறது என்கிறது, தட்டு இல்லை என்கிறது. காகிதம் வெளியிலிருந்து கேட்கிறது, தட்டோ என் சதையே. நான் எதை நம்புவது?

வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கை வறுத்துக்கொண்டிருந்தாள். "உங்க இதயம் உங்களை விட்டுத் தனிக்குடித்தனம் போயிருச்சா? குடுத்து வச்சது" என்றாள். அன்றிலிருந்து நான் வாயைக் கட்டினேன். வெண்ணெய் இல்லை, கேக் இல்லை, வறுவல் இல்லை. வேகவைத்த பீன்ஸ், வெள்ளரிக்காய், எண்ணெய் என்று சொன்னால் அதுவே கோபித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு துளி ஆலிவ் எண்ணெய். ஓட்டக்காரர் மீனெண்ணெய் மாத்திரையைச் சிபாரிசு செய்தார். நல்லதுதானே என்று அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஏப்பம் விட்டால் தெருப் பூனைகள் திரும்பிப் பார்த்தன. ஆய்வுக்காரப் பெண்ணுக்கு அது தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். "சார், மீன் சாப்பிடறது வேற, மாத்திரையை இப்படி முழுங்கறது வேற. அளவுக்கு மேல போனா சிலருக்கு அதுவே துடிப்பைக் கலைச்சு விட்டுரும். யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?" ஓட்டக்காரரைக் கேட்டு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இதற்கெல்லாம் நடுவில் ஆய்வகத்துக்குப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. போய் அதன் எதிரில் ஒரு முக்காலியில் உட்காருவேன். அந்தப் பெண் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள். ஆலிவ் எண்ணெயில் இருக்கும் வகையைக் கொடுத்த நாட்களில் அது அமைதியாக இருக்கும். கெட்டிக் கொழுப்பையும் அதையும் சேர்த்துக் கொடுத்தால் தடுமாற்றம் பாதியாகக் குறையும். அந்த ஓசையோடு எனக்குப் பழக்கம் வந்துவிட்டது. ஒருநாள் என்னை அறியாமல், "சரி, நான் கிளம்பறேன். பத்திரம்" என்று தட்டிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இப்போது கேளுங்கள், இந்தக் கடிதத்தை எழுதவைத்த சம்பவத்தை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். என் தட்டில் பீன்ஸ். உங்கள் அக்காவின் தட்டில் வெண்ணெயில் மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டியும் முட்டையும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பீன்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆய்வுக்காரப் பெண்.

"சார், நீங்க நல்லா இருக்கீங்களா?"

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. உங்க தட்டு இப்ப, இதோ இப்பத்தான், கொஞ்ச நேரம் நின்னுபோச்சு. இன்னைக்கு நாங்க அதுல எதுவுமே சேர்க்கல. தானா நின்னு தானா ஆரம்பிச்சிருக்கு. மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்."

போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்தேன். எதிரில் உங்கள் அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலி முதுகில் சாய்ந்து, கண்ணை மூடி, முகமெல்லாம் வெளுத்துப்போய் ரொட்டியை ரசித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு ருசி! நான் ஒரு வாய்கூடக் கொழுப்பைத் தொடவில்லை மச்சான். சாப்பிட்டது அவள், நின்றது என் இதயம். அப்படியென்றால் என்ன அர்த்தம்? வாசனை! அவள் வாட்டுகிற வெண்ணெயின் வாசனை என் மூக்கு வழியாக உள்ளே போய் அங்கே இருப்பதை நிறுத்துகிறது! (பிறகு ஓட்டக்காரரிடம் கேட்டேன், அவரும் இருக்கலாம் என்றார்.) உட்கார்ந்த இடத்திலேயே அடுப்படியில் வெண்ணெய்க்குத் தடை போட்டேன். அவள் கண்ணைத் திறந்து, என்னையே கொஞ்ச நேரம் யாரோ போலப் பார்த்துவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்றாள். காதிலேயே விழவில்லையாம். அவ்வளவு அலட்சியம்.

இவளுக்கு நேரில் காட்டினால்தான் புத்தி வரும் என்று கையோடு ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். சிரித்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் சிரித்தாள், மாடிப்படியில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். ஒலிபெருக்கியில் அது துடித்துக்கொண்டிருந்தது. "பாவம்" என்றாள். "ரொம்பக் களைச்சுப்போயிருக்கு." அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டாள்: "இதுக்கு வலிக்குமாம்மா?" வலிக்காது, இதற்கு நரம்பு இல்லை என்றாள் அந்தப் பெண். உங்கள் அக்கா நம்பின மாதிரி தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ காலமாகப் பிடிக்காத கை. என் மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது, என் முடிவு நெருங்கிவிட்டது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஆனால் மறுநாள் பழையபடி வெண்ணெயும் சிரிப்பும்தான்.

இனி உங்களால் ஆகவேண்டியவற்றுக்கு வருகிறேன். நீங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் மூத்த எழுத்தராக இருப்பதால் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது. நான் போய்விட்ட பிறகும் அந்தத் தட்டு துடித்துக்கொண்டிருக்கும் என்கிறார்கள். சரியாகக் கவனித்தால் மாதக்கணக்கில் இருக்குமாம், உறையவைத்த செல்களிலிருந்து புதிதாகவும் வளர்க்கலாமாம். அப்படியானால் என்னை எந்தத் தேதியில் இறந்தவனாகப் பதிவு செய்வீர்கள்? கணவனின் உடம்பு போய், இதயம் மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் அக்கா மனைவியா, விதவையா? அவள் முக்காலியில் போய் உட்கார்ந்தால் அது என்னோடு உட்கார்ந்ததாகுமா? இதற்கு உங்கள் விதிகளில் இடம் இல்லையென்றால் மேலதிகாரிக்கு எழுதிக் கேட்கவும்.

அடுத்து, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளை உங்களோடு அழைத்துப் போய்விடுங்கள். தனியாக இருக்க அவளுக்குத் தெரியாது. தைரியசாலி போல நடிப்பாள், நம்பாதீர்கள். யாரும் இல்லாத அறையில் வானொலியைப் போட்டு வைத்திருப்பாள், பேச்சுத் துணைக்கு. உங்கள் வீட்டில் அவளுக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டிலைக் கொடுங்கள். இதை எழுதும்போது என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், கேக்கை அளவோடு சாப்பிடட்டும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் சீரான துடிப்போடும் வாழ வாழ்த்தும்,

உங்கள் பாசமுள்ள அத்தான்
(தற்சமயம் உயிருடன்)

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் போடக் கிளம்பும்போது ஆய்வுக்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடி அன்று கண்ணிலேயே இருந்தது. "சார், எங்க பக்கம் பெரிய தப்பு நடந்துபோச்சு. தட்டு தானா நின்னதிலேருந்து எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. எல்லாத்தையும் முதல்லேருந்து சரிபார்த்தேன். உங்க எண்ணுல இருக்கிற செல் ஒரு பொம்பளையோடது" என்றாள். நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தபோது ரத்தம் பிடித்த குழாய்களில் பெயர்ச் சீட்டு மாறிவிட்டது. என்ன போட்டாலும் எருமை மாதிரி ஒரே சீராக நடந்துகொண்டிருக்கிறதே ஒன்று, அதுதான் நான்.

ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தில் என் இதயம் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் உங்கள் அக்காவின் இதயம் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் அவள் நலம் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள்.

என் சாவைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவனுக்கு, அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. "யாரு வந்தது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "தப்பான வீடு" என்றேன். பிறகு, மறுபடியும் அந்த டாக்டரிடம் போகவேண்டும், தனியாகப் போக பயமாக இருக்கிறது என்று சொன்னேன். "நீங்க பயப்படாத நாள் எது? இருங்க, வரேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குக் காகிதம் எடுத்தார்கள். குதிரைதான். "துணைக்கு வந்தவங்களுக்கும் ஒண்ணு எடுத்துருங்க டாக்டர்" என்றேன். அவள் படுத்துக்கொண்டு, ஒயர் கூசுகிறது என்று சிரித்தாள். பெரிய குரல்காரர் காகிதத்தைப் பார்த்தார். இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒரு சின்னக் குரலில், "அம்மா, எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பப்போ கண்ணு இருட்டிக்கிட்டு வரும். சாப்பிடறப்பகூட ஒரு தடவை. இவர்கிட்ட சொன்னா பயந்துருவாரு, அதான் சொல்லல" என்றாள்.

துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அவள் இதயம் தன்னைத் தயார்செய்துகொள்ள நீண்ட நேரம் எடுக்கிறதாம். பிறவியிலேயே இருப்பது. கொழுப்பு இந்தக் குழியை வெட்டவில்லை, இருந்த குழியில் வண்டியை இறக்கிக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். நாளை தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைக்கப்போகிறார்கள், நின்றால் எழுப்பிவிடுமாம். நல்ல வேளை முன்னாலேயே வந்தீர்கள் என்றார். குடும்பத்தில் யாராவது திடீரென்று போயிருக்கிறார்களா என்று கேட்டார். உங்கள் அப்பா செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டே போனதைச் சொன்னாள். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். உங்கள் பெயரைக் குறித்துக்கொண்டார். இது இரத்தத்தோடு வருவதாம். ஆகையால் நீங்கள் இந்தக் கடிதம் கிடைத்ததும் அங்கேயே ஒரு நல்ல மருத்துவரைப் பார்த்து காகிதம் எடுத்துவிட்டு, அப்புறம் இங்கே புறப்பட்டு வாருங்கள். குழந்தைகளுக்கும் எடுத்துவிடுங்கள். சிரித்துத் தட்டிக்கழிக்க வேண்டாம், உங்கள் குடும்பத்துக்கே அந்தப் பழக்கம் உண்டு.

அவளுடைய தட்டு தடுமாறியபோது என் நெஞ்சு ஏன் தடுமாறியது என்று டாக்டரைக் கேட்டேன். பயத்தில் யாருக்கும் அப்படி ஆகும் என்றார். இருக்கலாம்.

இதை ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம். ஜன்னலில் வெயில். குழாய்கள் மாறிய கதை முழுவதையும் இப்போதுதான் சொல்லி முடித்தேன். அவள் கோபப்படவில்லை. "அங்க அது இப்பவும் துடிக்குதா?" என்று கேட்டாள். ஆய்வுக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"துடிக்குதாம்."

"அப்ப சரி. அது பாத்துக்கும். நான் கொஞ்சம் தூங்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சீக்கிரம் வாருங்கள், மச்சான்.